பீரோக்காரர் வாசிக்காத ஆல்பம்

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறவே மூச்சு வாங்குவார்கள். அவரோ ஆள் உயர வாத்தியம் ஒன்றை உறை போட்டு முதுகில் சுமந்துகொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடிக்காமல் உடம்பை ஒருக்களித்துத் திருப்பி ஏறுவார். குடிவந்த புதிதில் கீழே பேக்கரி வைத்திருந்தவர் பார்த்துவிட்டு, "ஏன் சார், இந்தப் பீரோவை ஒரு இடத்துல வைக்க மாட்டீங்களா? தினம் ஏத்தி இறக்கிட்டு இருக்கீங்களே" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் பீரோக்காரர்.

உறைக்குள் இருந்தது டபுள் பேஸ். நின்றபடி கட்டிக்கொண்டு, விரலால் இழுத்து வாசிக்கிற வாத்தியம். ஜாஸ் குழுவில் அது அடியில் கிடந்து எல்லாரையும் தாங்கும். கைதட்டல் என்னவோ அதற்கு வராது.

கைதட்டல் வாங்குகிறவன் பீரோக்காரரின் மச்சான், அவர் மனைவியின் தம்பி. கித்தார்க்காரன். அவனுடைய ஆல்பங்கள் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் கிடைக்கும். ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் காரில் போட்டுக்கொண்டு போவார்கள். இவ்வளவு விற்கிறதே என்பதற்காகவே சில பேர் அவனை ஜாஸ்காரன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அதெல்லாம் வயிற்றெரிச்சல் என்று அவன் அக்கா சொல்வாள். அவளை அந்தத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிட்டது. அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்து, கல்யாணத்துக்கு அப்புறமும் தன்னோடு வைத்துக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்தி அவனைப் பழக விட்டவள் அவள். சோபா உறையும் ஜன்னல் திரையும் தைத்துக் கொடுக்கிற பட்டறையில் வேலை. நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் உட்கார்ந்துவிட்டு வீடு வந்தால், தம்பியின் கித்தார் காதில் விழுந்த பிறகுதான் அவளுக்குப் பசியே எடுக்கும்.

இதையெல்லாம் சொன்னால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து புரியும்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. புது ஆல்பம் வந்திருந்தது. அட்டையில் தம்பி கித்தாரோடு நடுவில் நின்றான், பக்கத்தில் பீரோக்காரர் தன் பீரோவைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்பக்கம் அவர் பெயர், வாத்தியத்தின் பெயரோடு, கொட்டை எழுத்தில். பேக்கரிக்காரர் சூடாக ரொட்டி கொண்டுவந்தார். எதிர்வீட்டு நர்ஸம்மா வந்தாள். மகள் ஸ்பீக்கரை நாற்காலிமேல் ஏற்றி வைத்தாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறவள்.

"எங்க கிளினிக்ல ஏற்கனவே போட ஆரம்பிச்சாச்சு. பல்லு புடுங்கறப்ப எல்லாம் மாமாவோட கித்தார்தான். கத்துறவங்க சத்தம் வெளியே கேக்கறதே இல்ல."

"அதுதான் உங்க மாமா வாசிப்பு. மரத்துப்போற ஊசி எதுக்கு" என்றார் பேக்கரிக்காரர்.

முதல் பாட்டு முடிவதற்குள் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. தம்பி அப்படி இழைத்திருந்தான். இரண்டாவது பாட்டில் கித்தார் ஒதுங்கி நிற்க, பேஸ் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நடந்தது. எல்லாரும் பீரோக்காரரைப் பார்த்தார்கள். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"என்னங்க, இவ்ளோ அழகா நீங்க வாசிச்சு நான் கேட்டதே இல்லயே" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். நர்ஸம்மா கைதட்டினாள்.

பீரோக்காரர் கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். ஆல்பம் முழுவதும் ஓடி முடிகிறவரை ஜன்னல் பக்கம் திரும்பி, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். மகள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ரொட்டி ஆறிப்போச்சே, சாப்பிடலயா?" என்று கேட்டாள் அக்கா.

"அது நான் இல்ல."

"எது?"

"பேஸ். எதுலயும் நான் இல்ல. ஒரு பாட்டுல கூட."

அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். "என்னங்க சொல்றீங்க? மழையில நனைஞ்சுட்டு தினம் ஸ்டூடியோ போனீங்களே. விரல் வெடிச்சு நான்தானே மருந்து போட்டேன்."

"போனேன். வாசிச்சேன். எடுத்துட்டு வேற யாரையோ வச்சு வாசிக்க வச்சிருக்கானுங்க."

"அட்டையில உங்க படம் இருக்கே. பேரு இருக்கே."

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் பீரோக்காரர். குரல் உயரவில்லை. "என் வாசிப்பு வேணாம்னா தூக்கிப் போடட்டும். ஸ்டூடியோவுல அது நடக்கறதுதான். பேரு எதுக்கு? நான் செய்யாத வேலைக்கு எனக்கு எதுக்குப் பேரு?"

அக்கா பதில் தேடுவதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"அது போகட்டும். இத்தனை வருஷமா பக்கத்து ரூம்ல நின்னுதானே வாசிக்கிறேன். இவ்ளோ அழகா கேட்டதே இல்லன்னு சொன்னியே, அப்ப இதுக்கு முன்னால என்னத்தைக் கேட்டே?"

அவள் கேட்டது தம்பியின் கித்தாரை. எப்போதுமே அதை மட்டும்தான். அடியில் ஏதோ தும் தும் என்று போகும், அது அவர் என்று தெரியும், அவ்வளவுதான். ரசம் வைக்கும்போது தண்ணீர் கொதிக்கிற சத்தத்தை யாராவது தனியாகக் கேட்பார்களா? அப்படித்தான் இருந்துவிட்டாள். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது.

நடந்தது இதுதான். பீரோக்காரர் எப்போதும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தித்தான் விரல் வைப்பார். தவறி அல்ல, வேண்டுமென்றே. தம்பி சின்ன வயதிலிருந்து அந்தப் பிந்துதலில் முதுகைச் சாய்த்துக்கொண்டே வாசிக்கப் பழகியவன். ஸ்டூடியோவில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆல்பத்தைத் தயாரித்தவரைக் குழுவில் எல்லாரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவர் காதில் மாட்டுகிற கருவி வழியாக எல்லாருக்கும் டிக் டிக் என்று எண்ணிக்கை கொடுத்தார். பீரோக்காரர் அதைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தார். மச்சானும், "அத்தான் அப்படித்தான் வாசிப்பார், விடுங்க" என்று சொன்னான். சொன்னவன்தான், அவர் வீட்டுக்குப் போன பிறகு, வேறு ஆளை வைத்து வாசிக்கவைக்கலாமா என்று கண்ணாடிக்காரர் கேட்டதும் தலையாட்டியிருக்கிறான்.

அந்த வாரமே இன்னொன்று வந்தது. ஊர் ஊராகப் போய் வாசிக்கப் போகிறார்களாம். ஏற்பாடு செய்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். குரலில் தேன் வழிந்தது.

"சார், ஆல்பத்துல எப்படி இருக்கோ அப்படியே மேடையிலயும் வேணும்னு சொல்றாங்க. ஒரு சின்ன வேலைதான். உங்க பார்ட்டை ஆல்பத்துல கேட்டு ஒரு தடவை பழகிட்டீங்கன்னா போதும்."

"என் பார்ட்டையா?"

"ஆமா சார், நீங்க வாசிச்சதுதானே. மறந்திருக்கும் இல்லயா."

பீரோக்காரர் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். மகளுக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"இது என்னப்பா அநியாயம்? எவனோ வாசிச்சதை நீங்க காப்பி அடிச்சு, நீங்க வாசிச்ச மாதிரி வாசிக்கணுமா? மாமாகிட்ட நேரா கேளுங்க."

"ரெண்டு தடவை போன் போட்டேன். ஷூட்டிங்ல இருக்காருன்னாங்க. கித்தார்க்காரனுக்கு என்ன ஷூட்டிங்கோ."

"பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்களேன்."

"பேரை எடுக்கறது அப்புறம். அவன் வந்து என் மூஞ்சியைப் பாத்து சொல்லணும். அத்தான், உங்களைத் தூக்கிட்டேன்னு. அதைச் சொல்லட்டும், நான் சரின்னுட்டுப் போறேன். அது கூட எனக்குக் கிடையாதா?"

வாத்தியத்தின் உறையை அவர் அதற்குப் பிறகு திறக்கவில்லை. மழைக்காலத்தில் மரம் ஊதும், தினம் பார்க்க வேண்டும் என்பார். பார்க்கவில்லை. பேக்கரிக்குப் போனால் பாராட்டுகிறார்களே என்று ரொட்டி வாங்கக்கூட இறங்கவில்லை. தப்பித்தவறி வெளியே போனால் தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தான் செய்யாத வேலைக்கு வருகிற பாராட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது? "நான் இல்லீங்க" என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தார். "என்ன ஒரு தன்னடக்கம்" என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டிவிட்டுப் போனார் அந்த ஆள்.

அக்கா பட்டறையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். குடையை வாசலில் விரித்து வைத்தாள். தரை முழுக்க வயர். தம்பி புதிதாக வாங்கிய கித்தாருக்குத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரர் தடுப்புக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே."

"போனையே எடுக்க மாட்டேங்கறே, கார் அனுப்புவியாக்கும். அத்தானைத் தூக்கினியா?"

தம்பி கையில் இருந்த தந்தியைச் சுருட்டினான். "அவரே சொன்னாரா?"

"வேற யாரு சொல்லுவா? நீயா சொன்னே?"

"அக்கா, கோபப்படாம கேளு. அத்தான் வாசிப்பு எனக்கு உசுரு. உனக்கே தெரியும். ஆனா கார்ல கேக்கறவங்களுக்கு, ரேடியோவுக்கு, அது இழுக்கற மாதிரி இருக்குன்னாங்க. வேற ஊர்ல ஒருத்தர்கிட்ட அனுப்பி வாசிச்சு வாங்கினோம்."

"யாரு அவரு?"

"பேரு ஞாபகம் இல்ல. இவரோட ஏற்பாடு" என்று கண்ணாடிப் பக்கம் தலையை ஆட்டினான்.

"வாசிச்சவன் பேரு உனக்கு ஞாபகம் இல்ல. வாசிக்காதவர் பேரை அட்டையில போட்டே."

"அவருக்காகத்தான் போட்டேன். அவர் பேரு இல்லாம என் ஆல்பம் ஒண்ணாவது வந்திருக்கா? விட்டுட்டா ஊரே கேக்கும். அவருக்குத்தானே அவமானம்? பேரையும் கெடுக்காம, பயணத்துலயும் சேர்த்துக்கிட்டு... இதைவிட என்ன செய்யணும்னு சொல்றே?"

"அத்தானும் மச்சானும் சேர்ந்து வாசிக்கறதுதான் இவங்க கதையே" என்று கண்ணாடிக்காரர் ஒலிபெருக்கி வழியாகச் சொன்னார். "ஜனங்க அதுக்குத்தான் வாங்கறாங்க அக்கா."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் தைச்ச திரையைப் பிரிச்சுட்டு, வேற ஆளை வச்சுத் தைச்சு, அதுல என் பேரை ஒட்டி, உனக்கு நல்லதுதானே செஞ்சேன்னு எங்க முதலாளி சொன்னா, மூஞ்சியிலயே விட்டெறிவேன். தெரியுமா?"

"சரி அக்கா. ஒண்ணு கேக்கறேன்." தம்பி குரலைத் தணித்தான். "நீ கேட்டியே ஆல்பத்தை. உனக்குத் தெரிஞ்சுதா?"

அவள் தரையில் கிடந்த வயரைப் பார்த்தாள்.

"ரெண்டும் இங்க இருக்கு" என்று அவன் கண்ணாடிக்காரருக்குச் சைகை காட்டினான். "பேஸ் மட்டும் தனியா போடச் சொல்றேன். எது அத்தான்னு சொல்லு."

அவள் வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவருக்கு அவள் செய்யவேண்டியது அது ஒன்றுதான் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டாள். முதல் ஒன்று ஓடியது. பிறகு இரண்டாவது. இரண்டும் அவளுக்கு ஒரே மரம், ஒரே தந்தி, ஒரே தும் தும். எங்காவது அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்காதா, செருப்புத் தரையில் தேய்வது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை. முதலாவதில் ஏதோ ஒரு மென்மை இருந்தது போல் பட்டது. அவர் மென்மையான மனிதர்தானே.

"மொதல்ல போட்டதுதான் அவரு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கண்ணாடிக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். தப்பு என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"பாத்தியா அக்கா" என்றான் தம்பி. பரிவாகத்தான் சொன்னான். அந்தப் பரிவுதான் அவளை உலுக்கியது.

"என்னத்தைப் பாக்கறது? எனக்குக் காது இல்ல. சரி, இல்ல. மோட்டார் சத்தத்துல போச்சோ, உன்னையே கேட்டுக் கேட்டுப் போச்சோ, ஏதோ ஒண்ணு. எனக்குத் தெரியலைங்கறதுக்காக அவர் வாசிச்சது வாசிக்காததா ஆயிடுமா? அவருக்குத் தெரியுது இல்ல? உனக்குத் தெரியுது இல்ல? தெரிஞ்ச ரெண்டு பேருல ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டேங்கறானே, அதைச் சொல்லு. வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சொல்லு. அவர் கேக்கறது அவ்வளவுதான்."

"வரேன் அக்கா. ஆல்பம் வித்ததுக்கு ஒரு விழா வச்சிருக்காங்க, அது முடியட்டும், வரேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் எதையும் பூசி மெழுகவில்லை. போனதையும், கேட்டதையும், தப்பாகச் சொன்னதையும் சொன்னாள். உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவர், "எப்படி இருந்துது அந்த ஆளோட வாசிப்பு, தனியா கேக்கறப்ப?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?"

"நல்லா வாசிச்சிருக்கான். அது யாரோ. சுத்தமான கை. இப்படி வாசிச்சுட்டு அவன் பேரு எங்கயும் இல்லாம உக்காந்திருப்பான் பாரு, அவன் பொண்டாட்டிகிட்ட போட்டுக் காட்டி இதுதான் நான்னு சொன்னா அவ நம்புவாளா? அட்டையில என் மூஞ்சி இருக்கு." அவர் எழுந்து போய்விட்டார். அக்கா கத்தியை வைத்துவிட்டு முந்திக்கொண்டு வந்த அழுகையை அங்கேயே அழுது முடித்தாள்.

விழா ஒரு ஓட்டல் மண்டபத்தில், பகல் நேரத்தில் நடந்தது. ஆல்பம் அமோகமாக விற்றதற்காக, வாசித்த ஒவ்வொருவருக்கும் கண்ணாடிச் சட்டம் போட்ட தங்க நிற இசைத்தட்டு கொடுக்கிறார்கள். பீரோக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். "நீ போ. அவன் உன் தம்பி. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்." மகளும் அவரோடு இருந்துவிட்டாள். அக்கா தனியாகப் போனாள்.

மேடைக்குப் பக்கத்து நடையில் தம்பியைப் பிடித்தாள். "இன்னைக்கு வீட்டுக்கு வரே இல்ல?"

"அக்கா, இப்பப் போயி... முடியட்டும். கட்டாயம் வரேன்" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டு மேடை ஏறினான்.

சரி, முடியட்டும் என்றுதான் அவளும் போய் உட்கார்ந்தாள். உண்மையில் அவள் பேசாமல்தான் இருந்திருப்பாள். தட்டை வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருப்பாள். அவன்தான் விடவில்லை. மைக்கைப் பிடித்தான். அத்தான் வீட்டில் வளர்ந்ததைச் சொன்னான். சமையலறையில் பழகியதைச் சொன்னான். ஜனங்கள் உருகினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்த ஆல்பத்துல நீங்க கேக்கறது என் கித்தார் மட்டும் இல்ல. பாட்டுக்குப் பாட்டு அடியில எங்க அத்தானோட விரல் இருக்கு. அவருக்கு உடம்பு சரியில்ல, வரல. அவருக்குப் பதிலா எங்க அக்கா வாங்கிப்பாங்க."

அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அக்கா எழுந்தாள். சட்டம் போட்ட தட்டைக் கையில் கொடுத்தார்கள், கனமாக இருந்தது. ஒரு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள்.

"இதுல வாசிச்சது எங்க வீட்டுக்காரர் இல்ல" என்றாள்.

மண்டபம் ஒரு நொடி திகைத்துவிட்டு, கொல்லென்று சிரித்தது. தம்பி எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான். "எங்க அக்கா எப்பவும் இப்படித்தான், வீட்டுக்காரரை விட்டுக்கொடுத்துத்தான் பேசுவாங்க" என்று இன்னொரு மைக்கில் சொன்னான். கைதட்டல் வந்தது. படம் எடுக்கிறவர்கள் முன்னால் வந்தார்கள். தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள்.

அவள் தட்டை மேடையில் இருந்த நாற்காலியில் வைத்தாள். இறங்கவில்லை. சிரிப்பு தானாக அடங்குகிறவரை மைக்கை விடாமல் நின்றாள். ஒரு கூட்டம் சிரித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நான் சிரிக்கறதுக்குச் சொல்லல. அவர் வாசிச்சதை எடுத்துட்டாங்க. வேற ஒருத்தர் வாசிச்சிருக்காரு. அவர் யாருன்னு கேட்டேன், யாருக்கும் தெரியல. இது அந்த ஆளுக்குப் போய்ச் சேரணும். எனக்குப் பாட்டு தெரியாது. ரெண்டையும் போட்டுக் காட்டினாங்க, எது எங்க வீட்டுக்காரருன்னு என்னால சொல்ல முடியல. தப்பாத்தான் சொன்னேன். அதனால நான் சொல்றதை நீங்க நம்ப வேணாம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு தட்டில் ஸ்பூன் விழுந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பி, மேடை நடுவில் கித்தாரோடு நின்றவனைப் பார்த்தாள்.

"இவனுக்குத் தெரியும். தம்பி, நீ சொல்லுப்பா."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். பிறகு இறக்கினான். தலையைக் குனிந்து, கித்தாரின் திருகாணியைப் பிடித்து மெல்லத் திருகினான். தந்தியைத் தட்டிப் பார்த்தான். மறுபடியும் திருகினான். ஒவ்வொரு தந்தியாக, தலையை நிமிர்த்தாமல், சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தான்.

சுருதி ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. அது அவளுக்குக்கூடத் தெரிந்தது.